எந்த மேரி எங்கள் மேரி? (இங்கிலாந்தின் நார்ஃபோக், 1824)

செல்வி_நார்விச்
என் கணவர் ஆங்கிலேயர். மாமியாருக்குத் தன் பாட்டியின் பாட்டி யார் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை, கண் சரியாகத் தெரியாததால் பழைய பதிவேடுகளை நான்தான் படித்துச் சொல்கிறேன். பெயர் மேரி, பண்ணைக் கூலித் தொழிலாளியின் மனைவி. 1824-இல் விண்டம் தேவாலயத்தில் கல்யாணம். எழுதத் தெரியாமல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார், ஒரு கால் நீண்டு கீழ்வரி வரை போயிருக்கிறது. அப்பா பெயர் இல்லை. 1851 சென்சஸில் வயது 48, பிறந்த ஊர் ஹிங்கம். அங்கே 1801-க்கும் 1805-க்கும் நடுவில் அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரிலேயே மூன்று மேரிகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது! போதாததற்கு 1841 சென்சஸ் வயது 35 என்கிறது. யாரை எடுப்பது?

ஜெபராஜ்
அந்த 35-ஐ நினைத்துக் குழம்பாதீர்கள். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 38 என்றால் 35 ஆகிவிடும். கல்யாணப் பதிவில் அப்பா பெயர் வருவது 1837 ஜூலையிலிருந்துதான்.

ஆனால் சாட்சிகள் பெயர் இருக்குமே, அதைப் பாருங்கள். அப்புறம், மூன்று பேரில் பொருத்தமாகத் தெரிகிறவரை எடுத்துக்கொண்டு மேலே போய்விடாதீர்கள், மற்ற இருவர் என்ன ஆனார்கள் என்று தேடுங்கள். அடக்கப் பதிவேட்டை விட்டுவிட்டு குடும்ப மரம் வரைகிறவர்கள் சிறுவயதில் செத்துப்போன குழந்தைக்குப் பேரப்பிள்ளைகள் வரை எழுதிவிடுகிறார்கள். ஒரு மேரி இறந்தால் அடுத்த பெண்ணுக்கும் அதே பெயரை வைப்பது அன்று சாதாரணம். பழைய பதிவுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் இணையதளங்கள் இரண்டும் இலவசம்தான், ஆனாலும் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மலர்விழி
செல்வி, உங்களுக்கு நார்ஃபோக் கிடைத்தது நல்லதுதான். 1812-க்கு முந்தைய சில பத்தாண்டுகளில் அங்கே பல ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், மற்ற மாவட்டங்களில் இது அபூர்வம். மூன்று மேரிகளையும் தாய் பெயரால் பிரித்துவிடலாம்.

ஏழைகள் நிவாரணக் காகிதங்களையும் கேளுங்கள். பிழைக்க வழியில்லாமல் உதவி கேட்டவரை எந்த ஊர் தாங்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டுகள் விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், எந்தப் பண்ணையில் ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தாய், எப்போது கல்யாணம், பிள்ளைகளுக்கு என்ன வயது. கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் ஊர்தான் ஊர் என்பதால் கணவன் கதையும் அதில் வந்துவிடும். எழுதத் தெரியாத ஒரு பெண் தன் வாயால் சொன்னது காகிதத்தில் இருப்பது பெரும்பாலும் அங்கே மட்டும்தான். எல்லா ஊருக்கும் மிஞ்சவில்லை, ஆனாலும் நார்விச் ஆவணக் காப்பகத்தில் கேட்காமல் விடாதீர்கள்.

செல்வி_நார்விச்
ஜெபராஜ் சார், மலர் அக்கா, ரொம்ப நன்றி. தாய் பெயர் மூன்றிலும் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு! ஒரு மேரியை 1804-இல் அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்யாணச் சாட்சிகளில் ஒருவர் சாமுவேல், குடும்பப் பெயரும் அதேதான். மீதி இருவரில் ஒருவருக்கு சாமுவேல் என்று அண்ணன் இருக்கிறார். மாமியாரிடம் சொல்லிவிடலாமா?

ஜெபராஜ்
கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு மேரிக்குப் பக்கத்து ஊர்களில் கல்யாணமோ அடக்கமோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹிங்கமில் ஓலை (கல்யாணத்துக்கு முன் தேவாலயத்தில் படிக்கும் அறிவிப்பு) வாசித்த பதிவு இருந்தால் அதையும். மணமகன் வேறு ஊர் என்றால் இரண்டு தேவாலயத்திலும் வாசித்திருப்பார்கள்.