பைத்தான் நிரலில் ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) உங்களைக் குழப்பிய சம்பவம் ஒன்று சொல்லுங்கள்

அரைப்புள்ளி:
ஸ்ட்ரிங்கின் வலது ஓரத்தை வெட்டும் ஆர்ஸ்ட்ரிப் எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் வேலையில் இருந்தவர் விட்டுப்போன ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட், ஃபோல்டரில் உள்ள ஆங்கில ஃபைல் பெயர்களில் டாட் டிஎக்ஸ்டி என்ற வாலை ஆர்ஸ்ட்ரிப்பால் வெட்டிப் பட்டியல் போடும். பார்த்தால் 'டெஸ்ட்' இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்' நிற்கிறது, 'ரிப்போர்ட்' 'ரிப்போர்' ஆகியிருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே 'சம்மரி' முழுசாக இருக்கிறது! ஆர்ஸ்ட்ரிப்புக்குள் நாம் கொடுப்பதை அது வாலாக எடுத்துக்கொள்வதில்லை, தனித்தனி எழுத்துகளாகத்தான் பார்க்கிறது. புள்ளி, டி, எக்ஸ் மூன்றில் எது வலது ஓரத்தில் இருந்தாலும் தின்றுகொண்டே போகும், வேறு எழுத்து குறுக்கே வந்தால்தான் நிற்கும். பைத்தான் 3.9 பதிப்பில், வாலை மட்டும் முழுசாக வெட்டும் ரிமூவ்சஃபிக்ஸ் வந்துவிட்டதால் இப்போது அதைப் போட்டுவிட்டேன். ஆனால் டி-யிலோ எக்ஸிலோ முடியாத பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்ததால்தான் இது அவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நள்ளிரவு நிரலர்:
ரிமூவ்சஃபிக்ஸ் எல்லாம் புதுப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு. இங்கே சர்வரில் 3.6தான். வால் இருக்கிறதா என்று எண்ட்ஸ்வித் வைத்துப் பார்த்துவிட்டு கடைசி நான்கு எழுத்தை ஸ்லைஸ் பண்ணி வெட்டினால் முடிந்தது.
என் கதை: மாதம், தேதி, நேரம் என்று தொடங்கும் லினக்ஸ் லாக் (நிகழ்வுப் பதிவு) வரியை இடைவெளியில் ஸ்ப்ளிட் பண்ணி, அதாவது துண்டாக்கி, மூன்றாவது துண்டை நேரமாக எடுக்கும் கோட். மாதத்தின் முதல் ஒன்பது நாள் மட்டும் நேரத்துக்குப் பதில் தேதி வரும், 10ஆம் தேதி வந்ததும் தானாகவே சரியாகிவிடும். பேய் பிடித்த மாதிரி இருந்தது. ஒற்றை இலக்கத் தேதிக்கு முன்னால் அந்த லாக் இன்னொரு இடைவெளி சேர்க்கிறது, நடுவில் ஒரு காலி ஸ்ட்ரிங் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ப்ளிட்டுக்குள் ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

மை தொட்டவள்:
புதிதாகப் படிக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டு முன்னும் பின்னும் ஒன்றா என்று பார்க்கும் அந்த வழக்கமான பயிற்சி. அவள் 'விகடகவி' என்று தட்டினாள். ஃபால்ஸ் (பொய்) என்று வந்தது. "அக்கா, விகடகவியே இல்லைன்னா வேற எதுதான்?" என்று கேட்டாள், நான் திருப்பிய ஸ்ட்ரிங்கை பிரிண்ட் பண்ணச் சொன்னேன். முதலில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் கொக்கி, அப்புறம் 'வகடகிவ'. பைத்தானுக்கு 'வி' என்பது வ தனி, கொக்கி தனி. நமக்கு மூன்று எழுத்தாக இருக்கும் 'தமிழ்' அதன் கணக்கில் 5. எழுத்து வடிவங்களைத் தேடும் ரீஜெக்ஸ் என்ற வெளி மாட்யூலை நிறுவி (பைத்தானோடு கூடவே வரும் ஆர்ஈ அல்ல), குறியோடு சேர்ந்த முழு எழுத்தைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் கொடுத்து எழுத்தெழுத்தாகப் பிரித்து, அந்த லிஸ்டைத் திருப்பினோம், ட்ரூ வந்தது. அவள் முகம் மலர்ந்ததை விட்டுவிடலாம், முதல் பாடத்திலேயே ஏன் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

சொல்வலை:
முதல் பாடத்தில் சொன்னால் ஓடிவிடுவார்கள், அதனால்தான். இதெல்லாம் ஆரம்பத்தில் யாருக்கும் தேவைப்படாது, முதலில் ஃபைலை ஒழுங்காகத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். எனக்கு நடந்தது, எக்செல்லில் சேமித்த சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) ஃபைலில் 'பெயர்' என்ற தலைப்பு கண்ணெதிரே இருக்கிறது, கேட்டால் கீஎரர், அப்படி ஒன்று இல்லையாம். தலைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாம் குறி, எக்செல் ஃபைலின் தொடக்கத்தில் போடுவது.
அதனால் புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஃபைலைத் திறக்கும் ஓப்பன் எழுதும்போதெல்லாம் என்கோடிங் (எழுத்தை எண்ணாக்கும் முறை) எழுதுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் அது வேறொன்றை எடுத்துக்கொண்டு தமிழைக் கந்தலாக்கும். எக்செல்லில் இருந்து வந்தது என்றால் என்கோடிங்காக யுடிஎஃப் 8 சிக் போடுங்கள், பாம் இருந்தால் எடுத்துவிடும், இல்லையென்றாலும் கெடுதல் இல்லை. ஓரத்து இடைவெளியை நீக்கும் வெறும் ஸ்ட்ரிப் அதைத் தொடாது, அதன் கணக்கில் பாம் இடைவெளியே கிடையாது. சிஎஸ்வி வரியைக் கமாவில் ஸ்ப்ளிட் பண்ணவே பண்ணாதீர்கள், மேற்கோளுக்குள் ஒரு கமா இருந்தால் நெடுவரிசைகள் எல்லாம் நகர்ந்துவிடும், அதற்கென்றே சிஎஸ்வி மாட்யூல் இருக்கிறது. அப்புறம் 'கொ' மாதிரி எழுத்துகளின் கொம்பும் காலும் சில ஃபைல்களில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒப்பிட்டால் ஃபால்ஸ் வரும். உள்ளே வாங்கியதும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி நார்மலைஸ் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்ற வேலையைப் பாருங்கள். ரீப்ளேஸ் பண்ணினால் பழைய ஸ்ட்ரிங் மாறாது, திரும்பி வருவதை வாங்கி வைக்க வேண்டும், இதையும் பலர் மறக்கிறார்கள்.

குறுக்குச்சால்:
ஆரம்பத்தில் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு கொம்பு, கால், என்எஃப்சி வரை போய்விட்டீர்கள்.
தேவைப்படும் சார். பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க ஈஸ்ஆல்ஃபா போடச் சொல்லித்தான் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அப்படி எழுதிய ஒரு படிவத்தில் நான் 'குமரன்' என்று கொடுத்தேன், "எழுத்துகள் மட்டும் இடவும்" என்று சிவப்பில் வந்தது. கொக்கியும் புள்ளியும் எழுத்துக் கணக்கில் சேராதாம். ஆர்ஈ-யில் சொல்லின் எழுத்துகளைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவும் இதே கதைதான், 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக்கித் தருகிறது.

தட்டச்சு:
ஒரு குறி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபைண்ட் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஈமெயில் முகவரியில் அட் குறி வரைக்கும் வெட்டும் கோட், குறியே இல்லாத முகவரி வந்தால் ஃபைண்ட் மைனஸ் 1 தரும், அதை ஸ்லைஸில் போட்டால் கடைசி எழுத்து மட்டும் காணாமல் போகும். எரர்கூட வராது. அதற்குப் பதில், குறிக்கு முன், பின் என்று பிரித்துத் தரும் பார்ட்டிஷன் போடுங்கள்.

பட்டியல்காரன்:
ஒரு நூலின் பின்னால் வரும் சொல்லடைவை சார்ட்டட் (வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்) போட்டு அனுப்பினோம். மெய்ப்பு பார்த்தவர் முதல் பக்கத்திலேயே பேனாவால் வட்டம் போட்டுவிட்டார்: அப்பாவுக்கு முன்னால் அன்பு. கொஞ்சம் தள்ளி மலருக்கு முன்னால் மறம். எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்தும் ற-வை ர-வுக்கு அடுத்தும் வைத்திருக்கிறார்கள், சார்ட்டட் அந்த எண்ணைத்தான் பார்க்கும், நம் நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது. நெடுங்கணக்கை அப்படியே ஒரு ஸ்ட்ரிங்காக எழுதி, ஒவ்வொரு குறியும் அதில் எத்தனையாவது என்பதை, எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சார்ட்டட்டுக்குச் சொல்லும் கீ ஃபங்ஷனில் கொடுத்தால் சரியாகிறது. ஜ, ஸ மாதிரி கிரந்த எழுத்துகளை மட்டும் நான் கடைசியில் வைத்தேன், மெய்ப்பு பார்த்தவர் ஜ-வை ச-வுக்கு அடுத்து வைக்கச் சொல்கிறார், இன்னும் முடிவாகவில்லை.