வயலுக்கு முன்வாளி பூட்டிய தொழிற்றுறை உழவு இயந்திரம் பொருந்துமா?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் எட்டு ஏக்கர் வயலும், கச்சானும் உழுந்தும் போடுகின்ற நான்கு ஏக்கர் மேட்டுக் காணியும் எங்களுக்கு உண்டு. காலபோகத்தில் முதல் மழை விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாடகை மெசினைத் தேடுவதால், எங்கள் முறை வருவதற்குள் புழுதி விதைப்புக்கு உழுவதற்கான ஈரப்பதம் போய்விடுகிறது. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்க எண்ணுகிறோம். வீதி வேலைக்கு ஓடிய, முன்னால் வாளி பூட்டிய தொழிற்றுறை உழவு இயந்திரம் ஒன்று வவுனியாவில் விலைக்கு நிற்கிறது. அதே பணத்துக்குப் பழைய மசி பேர்கசன் 240 வயல் உழவு இயந்திரம் ஒன்றும் கிடைக்கும். வரம்பு கட்டவும் எரு ஏற்றவும் வாளி உதவும் என்கிறார் அண்ணா. அப்பாவுக்கு விருப்பமில்லை. எது நல்லது?

பதில் (முத்தையன்கட்டு):
தம்பி, வாளியைப் பார்ப்பதற்கு முன் இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். வீதி வேலைக்கென்று செய்யப்பட்டவற்றுள் பலவற்றில் கலப்பை கொழுவும் மூன்று முனை இணைப்பும் இல்லை, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டரை எஞ்சின் விசையால் சுற்றும் பி.ரி.ஓ. தண்டும் இல்லை, அந்த இடத்தில் வாளிக்கு ஈடான எதிர்ப்பாரமோ, மண் வெட்டும் கையோதான் இருக்கும். ரொட்டவேட்டருக்கு நிமிடத்துக்கு 540 சுற்று வேண்டும் என்பதால் தண்டு இல்லாவிட்டால் பேச்சே இல்லை. இணைப்பு இருந்தாலும் இழுவைக் கட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். மசியில் கலப்பை இறுகிய மண்ணில் முட்டும்போது மேல் இணைப்புத் தண்டு அமுங்க, ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்றுத் தூக்கிவிடும். பின் சில்லும் வழுக்காது, எஞ்சினும் திணறாது. காய்ந்த மேட்டுக் காணியை உழுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்பா சொல்வதே சரி.

பதில் (மாங்குளம்):
அண்ணாவையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. முன்னும் பின்னுமாக நாள் முழுவதும் ஓடி அள்ளிக் கொட்டும் வேலையில் சாதாரண உழவு இயந்திரத்தின் கிளச்சு விரைவில் தேய்ந்துவிடும். அதற்காகவே தொழிற்றுறை வகைகள் பலவற்றில், எஞ்சின் விசையை எண்ணெய் வழியே கடத்தும் ரோக் கொன்வேட்டரும், பாரம் தாங்கும் முன் அச்சும் வைத்திருக்கிறார்கள். பற்றைக் காணி துப்புரவாக்குகிறவருக்கும் எரு விற்கிறவருக்கும் அது உழைத்துத் தரும். ஆனால் அதே கொன்வேட்டர், ஒரே சீராக இழுக்க வேண்டிய உழவில் டீசலை வீணாக்கும். கிரவல் ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று அண்ணா கணக்குப் போட்டிருந்தால், புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பதில் (முருங்கன்):
பாரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. மண் வெட்டும் கையும் சேர்ந்த பெக்கோ ஒன்று ஏழு தொன்னுக்கு மேல் வரும். 240 இரண்டு தொன் அளவுதான். நெல் வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிக் கிடக்கும் படைதான் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. ஈரத்தில் பாரமான இயந்திரம் இறங்கி அந்தப் படையைக் கிழித்துவிட்டால், மறித்த தண்ணீர் இறங்கிப்போகும். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் புதைந்தால் எடுப்பதற்கே இன்னொரு இயந்திரம் வேண்டும். தொழிற்றுறை இயந்திரத்தின் டயரும் இறுகிய தரைக்கு ஏற்றதே தவிரச் சேற்றுக்கு ஏற்றதல்ல. வரம்பும் வாய்க்காலும் ஆண்டுக்கொரு முறை, நிலம் காய்ந்திருக்கும் ஆவணியில், மணித்தியாலக் கணக்கில் பெக்கோவை வாடகைக்குப் பிடித்தால் முடிகிற வேலை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பின்னால் எதிர்ப்பாரம் மட்டுமே இருக்கிறது. 240இல் பிறகு ஒரு வாளி பூட்டலாமா?

பதில் (முத்தையன்கட்டு):
வேண்டாம். இரு சில்லில் இழுக்கும் 240இன் முன் அச்சு அதற்காகச் செய்யப்பட்டதல்ல; முன் சில்லு திரும்பும் கிங் பின்னும் பெயாரிங்கும் அடிபடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். வாளி கட்டாயம் என்றால் நான்கு சில்லும் இழுக்கும் வகையைத் தேடுங்கள். 240ஐ எடுக்கப் போகும்போது கலப்பையைக் கொழுவித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். விறுவிறென்று இறங்கினால் ஹைட்ரோலிக்கில் வேலை இருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.