கார்பன் பிளேட் ஷூ போட்டு ஓடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னை, அடையாறு

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து என் பழைய கார்பன் ஷூவை (ஃபோமுக்கு நடுவில் கார்பன் தகடு, அதாவது பிளேட், வைத்த ஓட்ட ஷூ) ஆக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். 540 கிலோமீட்டர் ஓடிய ஜோடி. முன்பக்கம் அடி ரப்பர் தேய்ந்து ஃபோம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. ரப்பர் ஒட்டித் தர முடியுமா என்று பஸ் டெப்போ பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன், அவர் கட்டைவிரலால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு "இதுல பசை நிக்காது தம்பி, பன்னு மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஃபோம் நாலு இழுப்பில் பிளந்துவிட்டது. பிளேட்டில் பட்டதும் கரகரவென்று சத்தம், கறுப்புத் தூள் கொட்டியது. (அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை, மூக்கை மூடாமல் யாரும் செய்ய வேண்டாம்.) அதோடு அறுப்பதை நிறுத்திவிட்டு ஃபோமை மட்டும் உரித்தேன். பிளேட் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். குதிகாலில் தட்டையாக ஆரம்பித்து, நடுவில் இறங்கி, விரல்களுக்கு அடியில் கரண்டி போல மேலே வளைகிறது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன், அசைந்து கொடுக்கவில்லை.

இதைத்தான் இத்தனை நாள் ஸ்பிரிங் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஓட்டக் குழுக்களில் பெரும்பாலோர் பேசுவதும் அப்படித்தான், பிளேட் உந்தித் தள்ளும், வேகம் தானாக வரும் என்று. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற கார்பன் ஷூ வெளியானபோது கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள், ஒரே வேகத்தில் ஓட உடம்பு செலவழிக்கும் சக்தி சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அதே சோதனையில் அடிப்பாகத்தை இயந்திரத்தில் அமுக்கி விட்டும் பார்த்தார்கள்: 100 பங்கு அழுத்தினால் வேப்பர்ஃபிளை 87 பங்கைத் திருப்பிக் கொடுத்தது, அடிடாஸின் பூஸ்ட் ஷூ 76, நைக்கியின் பழைய பந்தய ஷூ 66. திருப்பிக் கொடுக்கிற வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பீபாக்ஸ் என்ற வகை ஃபோம். அப்புறம் 2022இல் இன்னொரு ஆய்வு, அதுதான் எனக்குப் பிடித்தது. வேப்பர்ஃபிளையின் பிளேட்டை முன்பாதப் பகுதியில் குறுக்கே ஆறு இடத்தில் வெட்டிவிட்டு ஓட வைத்தார்கள். வெட்டாத ஷூவுக்கும் வெட்டியதற்கும் சக்திச் செலவில் வித்தியாசம் அரை சதவீதம் அளவுக்குத்தான்.

அதற்காக பிளேட் வீண் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு மெத்தென்ற ஃபோமை நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் கால் சேற்றில் புதைவது போல ஆகிவிடும், நடுவில் ஒரு பலகை போட்டது மாதிரிதான் பிளேட். பெருவிரல் மூட்டு மடங்குவதையும் அது குறைக்கிறது.

எனக்கு வினை வந்தது அதைத் தினமும் போட்டதில்தான். வாங்கிய கடையில் "தினமும் போடலாம் சார்" என்றார்கள், நானும் திங்கள் முதல் ஞாயிறு வரை, மெதுவாக ஓடும் நாட்களில்கூட, அதையே போட்டேன். கெண்டைக்கால் சதையில் வலியே இல்லை, நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் மாடிப்படி ஏறும்போது புதுக் கால் வந்தது மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம் பாதத்தின் மேல்புறம், லேஸ் முடிச்சு விழும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு புள்ளியில் வலி. பிசியோ விரலால் அந்த இடத்தைத் தொட்டதும் உயிரே போய்விட்டது. ஸ்கேனில் நாவிக்குலர் என்ற பாத எலும்பில் விரிசல் ஆரம்பம் என்றார்கள். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. கார்பன் ஷூ போட்ட ஐந்து பேருக்கு அதே எலும்பில் இதே பிரச்சினை வந்ததை 2023இல் மருத்துவர்கள் எழுதியிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஆறாவது ஆள் நான் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது? நல்லது நடந்திருந்தாலும் எழுதுங்கள்.

கோயம்புத்தூர்

அண்ணா, உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது?

நான் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி ஓடுகிறவள், ஹாஃப் மாரத்தான்தான் என் எல்லை. தோழிகள் எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். வாங்கியபின் நாலு ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் ஒரே நேரம், ஒரே தூரம், ஒரு வாரம் கார்பன் ஷூ, அடுத்த வாரம் என் பழைய ஷூ என்று மாற்றி மாற்றி ஓடி இதயத்துடிப்பைக் குறித்து வைத்தேன். 157, 158, 158, 157. இதில் எது எந்த ஷூ என்று இப்போது கேட்டால் நோட்டைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் பலன் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு, சிலருக்கு எதிர்மாறாகக்கூட வருகிறது என்று ஓர் ஆய்வு இருக்கிறதாம், என் தம்பி காட்டினான். அந்த 4 சதவீதம் என்னைப் போன்றவர்களை வைத்து எடுத்த கணக்கு இல்லை.

பந்தயத்தில் நடந்ததையும் சொல்கிறேன். யூ டர்ன் இருக்கும் இடத்தில்தான் தண்ணீர்ப் பந்தல், எல்லோரும் டம்ளரைக் கொட்டி ரோடெல்லாம் ஈரம். சட்டென்று திரும்பினேன், குதிகால் பக்கம் ஃபோம் ஒருபக்கமாக அமுங்கியது, கணுக்கால் உள்ளே மடிந்துவிட்டது. கீழே விழவில்லை, பக்கத்தில் ஓடிய அம்மா கையைப் பிடித்துவிட்டார்கள். இப்போது அதே வகை ஃபோம், ஆனால் பிளேட் இல்லாத, உயரம் குறைந்த ஒன்றைப் போடுகிறேன். விலை பாதிதான். முட்டிக்கு இதமாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

பெர்லின்

நான் ஓடுகிறவன் இல்லை, வேடிக்கை பார்க்கிறவன். ஆனால் 2023 செப்டம்பர் 24 அன்று பெர்லின் மாரத்தானில் ரோட்டோரம் நின்றிருந்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஷூக்களை முதலில் காதால் கேட்க வேண்டும். பழைய ஷூ சரக் சரக் என்று உரசும், இது டொக் டொக் என்று குளம்பு மாதிரி அடிக்கும், கூட்டமாக வரும்போது குதிரைப் படை வருவதுபோல இருக்கும். எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா கடந்து போனபோது அந்தச் சத்தம் அவ்வளவாக இல்லை, அவர் காலில் இருந்தது 138 கிராம் எடையுள்ள அடிடாஸ் ஷூ. கையில் வைத்திருந்த காபி டம்ளர்கூட அதைவிட கனம் இருக்கும். 2 மணி 11 நிமிடம் 53 விநாடி, பெண்களுக்கான பழைய உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கும் மேல் உடைத்தார். ஷூவின் விலை 500 யூரோ, ஒரு மாரத்தானுக்காகவே செய்தது என்று நிறுவனமே சொன்னது. அன்று முதல் இங்கே எங்கள் அலுவலகத்தில் ஒரே விவாதம், ஓடியது அவரா ஷூவா என்று. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அதே நாளில் அதே மாதிரி ஷூக்களோடு எத்தனையோ பேர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

இதே ஊரில் 2015இல் கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே ஓடியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஷூவின் உள் அட்டை இரண்டு காலிலும் பிதுங்கி வெளியே வந்து, காதுமடல் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அப்படியும் 2 மணி 4 நிமிடத்தில் ஜெயித்தார்.

மதுரை

அடையாறு சார், உங்கள் எலும்பு விரிசல் கதையை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், அனுமதி தாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மூணு ஆயிரம் மீட்டருக்கு கார்பன் ஷூவோடு வந்து நின்றான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். 18,000 ரூபாய், தவணையில் வாங்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, ஏனென்றால் அந்த ஷூ ட்ராக்கில் செல்லாது. உலகத் தடகள சங்கத்தின் விதி, ரோட்டுக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், ட்ராக்கில் 2024 நவம்பர் முதல் 20தான். அளந்து காட்டினேன், குதிகாலில் 39 இருந்தது. 2021இல் வியன்னா மாரத்தானில் முதலில் வந்தவரையே அடிப்பாகம் 50 மில்லிமீட்டர் என்று தகுதி நீக்கினார்கள். அந்த மனிதருக்கே அப்படி என்றால் என் பையனை யார் விடுவார்கள்?

அதற்கும் மேல், பதினைந்து வயது எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வயதில் பாதத்துக்குத் தானே மடங்கி, தானே தள்ளிப் பழக வேண்டும். எங்கள் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் புல்தரையில் வெறுங்காலில் ஓடுகிறார்கள், அதை மாற்றுவதாக இல்லை. ஷூவைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார், நல்ல மனுஷன். அந்தப் பணத்தில் ஸ்பைக் (அடியில் முள் வைத்த ட்ராக் ஷூ) ஒன்றுக்கும் மாதாமாதம் முட்டைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

சென்னை, அடையாறு

மதுரை சார், தாராளமாக வாசியுங்கள். ஸ்கேன் படமும் அனுப்புகிறேன், பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

கோவை தங்கச்சி, கால் இப்போது சரியாகிவிட்டது. கார்பன் ஷூவை இன்னும் விடவில்லை, எனக்கு அதில் ஓடப் பிடிக்கும். இப்போது மாதத்தில் இரண்டு தரம்தான், ஒரு வேக ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டத்தின் கடைசி 8 கிலோமீட்டர், அப்புறம் பந்தயம். மற்ற நாட்கள் சாதா ஷூ. பந்தயத்துக்கு முன் வாரம் மூன்று நாள் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும் பயிற்சி, பல் தேய்க்கும்போதே செய்துவிடுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அறுத்த ஷூவின் ஃபோமை குதிகால் பக்கம் அமுக்கினால் மெல்ல எழும்புகிறது, முன்பாதப் பக்கம் அமுக்கினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. 450 கிலோமீட்டர் ஓடிய பின் இந்த வகை ஃபோமின் பலன் போய்விடுகிறது என்று படித்தேன். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஒரு கோடை முழுக்க என் ஜோடி கிடந்தது, அதனால் இன்னும் சீக்கிரம் போயிருக்குமோ என்று சந்தேகம். காரில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்து 400க்கு மேல் ஓடியவர்கள் யாராவது இருந்தால், முன்பாதத்தில் கட்டைவிரலால் அமுக்கி, பள்ளம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.