‘ஊடுமின்’னா, ‘மின்னிழலா’?

அண்ணாச்சி,

ஒரே நிலத்தில் மேலே சோலார் பேனலும் கீழே பயிருமாக வைக்கும் முறைக்கு (agrivoltaics) கலைச்சொல் பட்டியலில் சேர்க்க நீங்கள் முன்வைத்த ‘வேளாண் ஒளிமின்னியல்’ பிழையான சொல் இல்லை. ஆனால் தமிழில் தொகைச்சொல்லின் கடைசியில் நிற்பதுதான் வீட்டுக்காரர். இதில் மின்னியல் வீட்டுக்காரராகிவிட்டது, வேளாண்மை வாடகைக்கு இருக்கிறது.

எங்கள் ராதாபுரம் பக்கம் மின்சாரக் காற்றாடி நிற்க ஒரு மூலை போதும். சுற்றி ஆடு மேயும், மழை பெய்தால் உளுந்தும் போடலாம். சோலார் அப்படியில்லை, தரையை ஒட்டிப் பேனல் பரப்பினால் விதைக்க இடமேது? அதனால்தான் ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற ஆய்வாளர்கள் 1981-இல் இந்த யோசனையை எழுதியபோதே, தகடுகளை உயரத்தில் தூக்கி வைத்து, வரிசைகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடச் சொன்னார்கள். ஜப்பானில் நாகஷிமா என்பவர் 2004-இல் தொடங்கியதன் பெயரே ‘வெயிலைப் பங்கிடுதல்’ என்ற பொருளில்தான் வழங்குகிறது. பல பயிர்களுக்கு ஓர் அளவுக்கு மேல் வெயில் உதவாது, மிச்சத்தை மின்சாரம் எடுத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. நம் சித்திரை வெயிலில் மிச்சத்துக்கா பஞ்சம்!

என் பரிந்துரை ‘ஊடுமின் சாகுபடி’. வாழைக்குள் ஊடுபயிர் போடுகிறவரிடம் இதை விளக்கவே வேண்டாம். நிலம் பயிருடையது, மின்சாரம் இடையில் வந்தது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஊடுமின் வயல், ஊடுமின் பந்தல் என்று கிளையும் விடும்.

---

தம்பி,

வாடகைக் கதையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஊடு’ என்றால் துளைத்துப் போவதும்தான். ஈழத்தில் எக்ஸ்ரேயை ஊடுகதிர் என்கிறார்கள். செடிக்குள் கரண்ட் விடப்போகிறோம் என்று யாராவது பயந்துவிடப் போகிறார்.

அப்புறம், ஊடுபயிர் பக்கத்தில் நிற்பது. பேனல் தலைக்கு மேலே நிற்பது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தி கொடி ஏறக் கொம்பாகவும் நிற்கும், நிழலும் தரும். அந்த நிழல் வேலையைத்தான் பேனல் செய்யப்போகிறது. ‘மின்னிழல் சாகுபடி’ என்றால் என்ன? மின்னும் நிழலும் புணர்ந்தால் மின்னிழல்.

---

அண்ணாச்சி,

நிழல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊர்க்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். வரப்போரப் புளியமரத்தடியில் நெல் மணி பிடிக்காமல் சாவியாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். சோளமும் கம்பும் முழு வெயில் கேட்கும் சாதி வேறு.

இப்படி மறுத்து எழுதிவிட்டு மத்தியானம் முழுக்க யோசித்தேன். அந்தப் பயம் வரத்தான் வேண்டும். ஊடுமின் என்றால் ‘சரி, போடுங்க’ என்று தலையாட்டிவிடுவார்கள். மின்னிழல் என்றால், ‘எந்தப் பயிர் அந்த நிழலைத் தாங்கும்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். பேனல் போட வருகிறவர் பதில் சொல்லியாக வேண்டும்.

‘மின்னிழல் சாகுபடி’ என்றே பட்டியலில் ஏற்றுங்கள். பேனலைத் தாங்கும் சட்டத்துக்குத் ‘தகட்டுப் பந்தல்’ என்று போடலாம். ‘மின்பந்தல்’ வேண்டாம், கல்யாண வீட்டுச் சீரியல் பல்புதான் ஞாபகம் வருகிறது.