உள்நாட்டுத் தீர்வழிகளை ‘நாடி முடித்தல்’: இந்தக் கலைச்சொல் சரிப்படுமா?

அன்புள்ள அனைவருக்கும்,

ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைகள் சாசனத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 56ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில் வந்து மாட்டிக்கொண்டேன். சித்திரவதைக்கு ஆளானவர் பாஞ்சூலில் உள்ள ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்திடம் போக வேண்டுமானால், முதலில் தன் நாட்டுச் சட்டத்தில் என்னென்ன வழி உண்டோ அத்தனையும் முயன்றிருக்க வேண்டும். அந்த வழி அளவுக்கு மீறி நீண்டுகொண்டே போவது வெளிப்படையாகத் தெரிந்தால் விலக்கு உண்டு. தவறைத் தானே சரிசெய்ய அரசுக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும் என்பது இதன் நியாயம். ஆங்கிலத்தில் இதை exhaustion of local remedies என்பார்கள். இந்த ‘அத்தனையும் முயன்றுவிடுதல்’ என்பதற்குத்தான் சொல் தேடுகிறேன்.

ஆங்கில அகராதியைத் திறந்தால் exhaustion என்பதற்கு முதலில் வந்து நிற்பது ‘களைப்பு’. மனுதாரர் களைத்துப்போவது உண்மைதான். ஆனால் நிபந்தனை அதுவல்லவே! போன வாரம் இங்கே வந்த யோசனை இது:

> ‘உள்நாட்டு நிவாரணங்கள் தீர்ந்துபோதல்’ என்றே வைத்துவிடலாம். செய்தித்தாள் படிப்பவருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும் என்று பயப்படுகிறேன். நிவாரணம் என்றதும் நமக்கு வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம்தான் நினைவுக்கு வரும். மேலே இருப்பவர் இரங்கிக் கொடுப்பது அது. நைஜீரியாவுக்கு எதிரான 60/91 எண் புகாரைப் பாருங்கள். கொள்ளை வழக்குகளுக்கென்று அமைத்த தனித் தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு கிடையாது. தண்டனையை உறுதிசெய்வதும் மறுப்பதும் ஆளுநர் கையில். அந்த ஆளுநரிடம் போவதை ஆணையம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கே கேட்பது சலுகை, உரிமை அல்ல என்றது. ஆணையம் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை நாம் ஒரே சொல்லில் மறுபடி ஒட்டிவிடக் கூடாது.

இலங்கை நண்பர்கள் பரிகாரம் என்பார்கள். அங்கே சட்டத் தமிழில் அது பழகிய சொல். தமிழ்நாட்டில் பரிகாரம் என்றால் மனம் நேராகத் திருநள்ளாற்றுக்குப் போய்விடுகிறது. எனவே என் ஓட்டு இங்குள்ள சட்டத் தமிழில் புழங்கும் ‘தீர்வழி’க்கு.

அப்புறம் ‘தீர்ந்துபோதல்’. வீட்டில் சர்க்கரை தானாகத் தீர்ந்துபோகிறது. இங்கே ஒருவர் படியேறி இறங்கியாக வேண்டும். அதோடு, ‘தீர்வழி தீர்ந்தது’ என்று எழுதினால் தீர்ந்தது வழியா, வழக்கா?

நீதிமன்றத்தை ‘நாடுவது’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதிலிருந்து ‘நாடி முடித்தல்’ என்று எடுத்தேன். நாடுவது ஒரு பாதி, முடிப்பது மறுபாதி. இரண்டும் வேண்டும் என்பதற்கு ஜிம்பாப்வேயிலிருந்தே இரண்டு புகார்கள் உண்டு. வழக்கறிஞர் கேப்ரியல் ஷும்பா 2003இல் காவலில் சித்திரவதைப்பட்டு, நாட்டை விட்டே வெளியேறினார். அவருடைய மனுவை ஆணையம் ஏற்றது. சித்திரவதையைத் தடுக்கும் 5ஆம் பிரிவு மீறப்பட்டது என்று 2012இல் முடிவு சொன்னது. நீதிபதியாக இருந்த மைக்கேல் மஜுருவும் நாட்டை விட்டுப் போனவர்தான். அவருடைய மனு 2008இல் தள்ளுபடி. வெளியே இருந்தபடியே வழக்கறிஞர் வைத்து வழக்காடியிருக்கலாம் என்றது ஆணையம்; போதாததற்கு, நாட்டை விட்டு வந்து 22 மாதம் கழித்து மனுச் செய்ததும் தாமதம் என்றது. கேட்கவே கடுப்பாக இருக்கிறது. ஆனால் ‘முடித்தல்’ என்ற பாதியை விட்டால் இந்த முடிவைத் தமிழில் விளக்கவே முடியாது.

சரி, எவற்றையெல்லாம் நாட வேண்டும்? இதற்கு ஜவாரா வழக்குதான் அளவுகோல். 1994 இராணுவப் புரட்சியில் பதவியிழந்து வெளிநாட்டில் இருந்த காம்பியாவின் முன்னாள் அதிபர் தாவ்தா ஜவாரா, தன் நாட்டு அரசின் மீதே புகார் கொடுத்தார். ஆணையத்தின் தலைமையகம் இருப்பதும் அதே காம்பியாவில்! உயிருக்குப் பயந்து ஓடியவரைத் திரும்பிப் போய் வழக்குப் போடச் சொல்வது பொது அறிவுக்கே ஒவ்வாது என்று 2000ஆம் ஆண்டு முடிவு வந்தது. தீர்வழி என்றால் அதற்கு மூன்று தன்மைகள் இருக்க வேண்டும் என்றும் அதில் வரையறுத்தார்கள். இவற்றுக்கு நான் வைத்திருப்பவை: ‘எட்டக்கூடியது’ (தடையில்லாமல் போக முடிய வேண்டும்), ‘பலிக்கக்கூடியது’ (வெல்ல வாய்ப்பாவது இருக்க வேண்டும்), ‘போதியது’ (நேர்ந்த கேட்டை ஈடுசெய்யும் திறன் வேண்டும்). ‘கிடைக்கத்தக்கது’ என்றும் எழுதிப் பார்த்தேன். சட்டப் புத்தகத்தில் கிடைக்கும், ஆளுக்கு எட்டாது, அதனால் மாற்றிவிட்டேன்.

கருத்துச் சொல்லுங்கள்.

மறுமடல்

தம்பி, ‘தீர்வழி’க்கு என் கையும் சேர்ந்தது. ‘நாடி முடித்தல்’தான் உதைக்கிறது. ‘நாடி முடிந்தது’ என்று யாராவது சுருக்கி எழுதினால், வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது போல இருக்கும். அதுவும் சித்திரவதை வழக்கில்! இன்னொன்று: விதியின் பெயராகத் தலைப்பில் போட இது நீளம்.

விலக்குக்கு ‘இழுத்தடிப்பு’ என்று எழுதப்போகிறாய் என்றும் தோன்றுகிறது. வேண்டாம். இழுத்தடிப்பு என்றால் ஒருவர் வேண்டுமென்றே செய்வது. சாசனம் உள்நோக்கத்தைக் கேட்கவில்லை; வழக்கு மிதமிஞ்சி நீண்டாலே போதும்.

மறுமடல்

ஐயா, எழுதியே விட்டிருந்தேன், அடித்துவிட்டேன். ‘மிதமிஞ்சிய நீட்சி’ என்று மாற்றுகிறேன்.

நாடித் துடிப்பு எனக்குத் தோன்றவே இல்லை! வாக்கியத்துக்குள் ‘தீர்வழிகளை நாடி முடித்த பிறகு’ என்று ஐ உருபோடு வந்தால் யாரும் கையைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள். தலைப்புக்கு ‘முன்நாடல் விதி’ போதுமா? முதலில் உள்நாட்டில் நாடு, பிறகு இங்கே வா என்பது அதில் வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கமும் சோதித்துப் பார்த்தேன். அபுஜாவில் உள்ள மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் நீதிமன்றம் இந்த நிபந்தனையைக் கேட்பதே இல்லை. காம்பியப் பத்திரிகையாளர் மூசா சைதிகான் நேரே அங்கே போய், தன்னைச் சித்திரவதை செய்ததற்காக 2010இல் 2 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றார். ‘அபுஜாவில் முன்நாடல் தேவையில்லை’ என்று எழுதினேன், இடிக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. நாடி முடித்த பின் ‘நியாயமான காலத்துக்குள்’ வர வேண்டும் என்கிறது ஆறாவது உட்பிரிவு. நாள் கணக்கு ஏதும் இல்லை. ‘தகுந்த காலம்’ என்பதா, ‘நியாயமான காலம்’ என்பதா?