புதுப்பிப்பு: அம்மாவை இல்லத்தில் சேர்த்து மூன்று மாதம்

அம்மாவுக்கு மறதிநோய், இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டோம்.

சேர்க்கும் முன் இல்லங்களைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள். அது பெரிய உதவி. பொழுது சாயும்போதுதான் இந்த நோயில் பலருக்குப் பதற்றம் கூடும். முதலில் பார்த்த இடத்தில் ஆறு மணிக்கே எல்லோரையும் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பாட்டி ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழுதுகொண்டிருந்தார். பணிப்பெண் வாதாடவே இல்லை. ‘வாங்க ஆச்சி, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அங்கேயே சேர்த்தோம்.

முதல் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் பழகிவிட்டார். போன மாதம் இரண்டே நாளில் ஆளே மாறி, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் சிறுநீர்த் தொற்று! வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இப்படிக் குழப்பம் வரலாம். மருந்து கொடுத்ததும் தெளிந்தார். திடீர் மாற்றம் என்றால் தயவுசெய்து உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருவர் கேட்டிருந்தார்: முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

ஞாயிறுதோறும் சொதி கொண்டுபோகிறேன். என் பெயர் அவருக்கு வருவதில்லை. போன வாரம் என்னைத் தன் தங்கை என்று நினைத்து, ‘நெல்லையப்பர் தேர் கிளம்பிரும், சீக்கிரம் தலையைக் காட்டு’ என்று சீப்பை எடுத்தார். உட்கார்ந்து பின்னிக்கொண்டேன்.