எலக்ட்ரான்–ஃபோனான் (ஃபோனான் என்றால் படிக அணுக்களின் அதிர்வு) கணக்கில் உங்களை அசத்திய பொருள் எது?

எனக்கு மக்னீசியம் டைபோரைடு, வேறு பதிலே இல்லை. 1950களிலிருந்து வேதியியல் கூடங்களுக்குத் தெரிந்த பொடிதான் அது. 39 கெல்வினில் மீக்கடத்தியாகிறது (மின்தடையே இல்லாமல் போகிறது) என்பதை 2001-இல்தான் ஜப்பானில் அகிமிட்சு குழு கண்டுபிடித்தது.

ஆய்வுப் படிப்பில் இதை எடுத்தபோது என் வழிகாட்டி லாம்டா (எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்பின் வலிமை) எவ்வளவு என்று கேட்கவே இல்லை. "முதல்ல போரானை நகர்த்திப் பாரும்மா" என்றார். ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போரான் அணுக்களை எதிரெதிராகச் சுமார் 0.06 ஆங்ஸ்ட்ராம் தள்ளிவைத்து, எலக்ட்ரான்களின் ஆற்றல் படமான பேண்ட் ஸ்ட்ரக்சரைத் திரும்பப் போட்டேன். அந்தப் படத்தின் மையமான காமா புள்ளியில் ஒட்டிக்கொண்டிருந்த, போரான் தளத்துக்குள்ளேயே பிணைப்பு தரும் இரண்டு சிக்மா பேண்டுகளும் ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட் விலகி நின்றன! தளத்துக்கு மேலும் கீழும் நீளும் பை பேண்டுகளில் பெரிய மாற்றமே இல்லை. அந்த அணுக்கள் கடுங்குளிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அடுத்து அலுமினியம் டைபோரைடு. அச்சு அசல் அதே படிக அமைப்பு, ஒரு எலக்ட்ரான் மட்டும் கூடுதல். சிக்மா பேண்டுகள் நிரம்பி, எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அதே ஆட்டத்தின் ஆற்றல் 70 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பக்கத்திலிருந்து 120 வரை ஏறிவிடுகிறது. மீக்கடத்தலும் இல்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாடப்புத்தகம் தேவையில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. இங்கே பிணைப்பின் பெரும்பகுதி அதிர்வுகளின் அலைத்திசையன் வெளியில் காமா–ஏ கோட்டை ஒட்டிய ஒரு குறுகிய குழாய்க்குள் அடங்கியிருக்கிறது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருளில் 6×6×6 க்யூ கிரிடோடு (அதிர்வுகளைக் கணக்கிடும் புள்ளிகளின் வலை) நின்றால் அதற்குள் விழும் புள்ளிகள் மிகக் குறைவு. ஸ்மியரிங்கை (கூட்டலை மிருதுவாக்க வைக்கும் ஆற்றல் அகலம்) மாற்ற மாற்ற லாம்டாவும் மாறும். ஈபிடபிள்யூ மென்பொருள் மாதிரி, சில புள்ளிகளின் கணக்கிலிருந்து அடர்த்தியான வலையை நிரப்பும் வான்னியர் இடைக்கணிப்புக்குப் போய்விடுங்கள்.

பதில்: அக்கா, நான் சோதனைப் பக்கத்து ஆள். எங்களுக்கு ஐசோடோப்தான் சாட்சி. போரான்-11-க்குப் பதில் போரான்-10 வைத்தால் நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 1 கெல்வின் ஏறும். மக்னீசியத்தின் ஐசோடோப்பை மாற்றினால் மிகச் சிறிய நகர்வுதான். நீங்கள் தள்ளிப் பார்த்த அதே போரான்! ஆனால் மொத்த ஐசோடோப் எண் (அணு எடை மாறும்போது நிலைமாற்ற வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) 0.32 அளவில்தான் வருகிறது, மீக்கடத்தல் கோட்பாடான பிசிஎஸ் சொல்லும் 0.5 இல்லை. எங்கள் குழுக் கூட்டத்தில் இது வந்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

பதில்: என் ஓட்டு ஹைட்ரஜன் நிறைந்த ஹைட்ரைடுகளுக்கு. கந்தக ஹைட்ரைடான எச்3எஸ்-க்கு 2014-இல் கணக்கு நிலைமாற்ற வெப்பநிலை 191 முதல் 204 கெல்வின் வரை சொன்னது. மறு வருஷமே சுமார் 155 கிகாபாஸ்கலில் 203 கெல்வின் அளந்தார்கள். கணினி முந்திக்கொண்டு சொன்னதைப் பார்த்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். சக ஆய்வாளர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஹைட்ரஜன் இருக்கும் பொருளில் மைனஸ் அதிர்வெண் வந்ததுமே கட்டமைப்பு நிலையற்றது என்று தூக்கிப் போடாதீர்கள். லாந்தனம் ஹைட்ரைடான எல்ஏஎச்10-இன் உயர் சமச்சீர் அமைப்பும் 150 கிகாபாஸ்கல் பக்கத்தில் சாதாரணக் கணக்கில் குலைந்துவிடும். புரோட்டானின் குவாண்டம் அசைவைச் சேர்த்த பிறகுதான் நிலைத்து நிற்கிறது.